எப்படிக் கட்டிய லைப்ரரி?

பில்டு ஒழுங்காக ஓடும்வரை பில்டு எஞ்சினியரை யாரும் தேடமாட்டார்கள். உடைந்தால் மாடிக்கு மாடி ஆள் வரும். சென்னையில் இந்த வேலையில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். சி++, ஜாவா, கொஞ்சம் பைத்தான் என்று மொழிகள் மாறின. தரமணிப் பக்கம் இருந்த ஆபீஸ் சோழிங்கநல்லூர் தாண்டிப் போனது. வருகிறவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் மட்டும் மாறவில்லை: "என் மெஷின்ல ஓடுதே சார்."

பதிலுக்கு நான் கேட்பது மூன்று கேள்வி. எந்த லைப்ரரி? பெயரை டக்கென்று சொல்வார்கள். எந்த வெர்ஷன்? ஃபோல்டரைத் திறந்து பார்த்துச் சொல்வார்கள். எப்படிக் கட்டியது? அங்கே முழிப்பார்கள். எங்கள் ஊரில் முருகன் வீடு எது என்று கேட்டால் தெருவுக்கு நாலு வீட்டைக் காட்டுவார்கள். இன்ஷியல் சொல்ல வேண்டும், யார் வீட்டுப் பிள்ளை என்றும் சொல்ல வேண்டும். லைப்ரரியும் அப்படித்தான். பெயரும் வெர்ஷனும் பொருந்தினாலும், எந்தக் கம்பைலரில், என்னென்ன ஸ்விட்ச் போட்டு, எதன்மேல் நின்று கட்டினார்கள் என்பது வேறானால் அது வேறு லைப்ரரி. நான் பார்த்த பெரிய உடைசல்களில் பாதிக்கு மேல் இந்த மூன்றாவது கேள்வியில்தான் போய் நின்றிருக்கின்றன.

2000 வாக்கில் நான் இருந்த இடத்தில் விஷுவல் சி++ 6. வெளியே வாங்கிய லைப்ரரி, நாங்களே எழுதிய லைப்ரரி எல்லாம் நெட்வொர்க்கில் ஒரு பொது டிரைவில் கிடக்கும். யார் கொண்டுவந்து போட்டது, எந்த மெஷினில் கட்டியது, ஒன்றும் தெரியாது. ஃபைலின் தேதிதான் வெர்ஷன். அந்த விஷுவல் சி++இல் ப்ராஜெக்ட் செட்டிங்ஸுக்குள் போனால், ரன்டைம் லைப்ரரி எது என்று ஒரு பட்டியல் விரியும். ஒற்றை த்ரெட், பல த்ரெட், பல த்ரெட் டிஎல்எல். மூன்றுக்கும் தனித்தனியாக டீபக் வடிவம். ஆக, ஒரே சோர்ஸிலிருந்து ஆறு விதமாகக் கட்டலாம். டிரைவில் பார்த்தால் ஆறும் ஒரே முகம்.

கலந்து கட்டினால் லிங்கர் கத்தும்: இந்த 'மால்லாக்' ஏற்கெனவே இன்னொரு லைப்ரரியில் இருக்கிறதே என்று. கூடவே ஒரு எச்சரிக்கையும் வரும். இன்ன டீஃபால்ட் லைப்ரரியை ஒதுக்கிவிடு என்று அந்த எச்சரிக்கையே வழியும் சொல்லித்தரும். ரிலீஸ் அவசரத்தில் இருக்கிறவர் அதை அப்படியே காப்பி செய்து போட்டுவிடுவார். லிங்க் ஆகிவிடும். லிங்க் ஆகாமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ரிப்போர்ட் அச்சடிக்கும் ஒரு டிஎல்எல்லில் இதைக் கிட்டத்தில் பார்த்தேன். அது ரன்டைமைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக் கட்டப்பட்டது. அதைக் கூப்பிடும் எக்ஸிக்யூட்டபிளோ ரன்டைமை வெளியே தனி டிஎல்எல்லாக எடுத்துக்கொள்வது. இரண்டுக்கும் தனித்தனி ஹீப். டிஎல்எல் உள்ளே 'நியூ' போட்டு ஒரு ஸ்ட்ரிங்கைத் தரும். எக்ஸிக்யூட்டபிள் வேலை முடிந்ததும் 'டெலீட்' போடும். ஒரு ஹீப்பில் வாங்கியது இன்னொரு ஹீப்பில் போய் விழும். டீபக்கில் ஓட்டினால் அந்த நொடியே, பாயின்டர் இந்த ஹீப்பைச் சேர்ந்ததில்லை என்று அஸர்ட் பெட்டி எழும்பும். ரிலீஸில் சத்தமே இருக்காது. ரிப்போர்ட் ரிப்போர்ட்டாக அடித்துக்கொண்டே போய், பிறகு சம்பந்தமே இல்லாத வேறொரு திரையில் சாயும். வாடிக்கையாளர் அந்தத் திரையைத்தான் குறை சொல்வார். அதை எழுதிய பெண் தன் கோடை வரிவரியாகப் படித்து, தப்பே இல்லாத இடத்தில் தப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அங்கே ஆறு வகை இரண்டாகக் குறைந்தது: பல த்ரெட் டிஎல்எல், அதன் டீபக். டீபக் லைப்ரரியின் பெயர்க் கடைசியில் 'டி' என்ற எழுத்து கட்டாயம். டிஎல்எல் வாங்கிய மெமரியை டிஎல்எல்லே விடுவிக்க வேண்டும். எங்கள் பக்கம் சீக்கிரம் முடிந்தது. லைப்ரரியை விற்றவர்களிடம் அந்த இரண்டு வகையில் கட்டி வாங்குவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது. விஷுவல் ஸ்டுடியோ 2010இலிருந்து, டீபக் ஆப்ஜெக்டையும் ரிலீஸ் ஆப்ஜெக்டையும் சேர்த்தால் 'மிஸ்மேட்ச்' என்று லிங்கரே நிறுத்திவிடுகிறது. எப்படிக் கட்டியது என்ற சேதியை ஆப்ஜெக்ட் ஃபைலுக்குள்ளேயே எழுதிவைத்தார்கள், அவ்வளவுதான். எத்தனை பேருடைய தூக்கம் மிச்சமாகியிருக்கும்!

யூனிக்ஸ் பக்கம் வேறு கூத்து. 'மேக்' கருவியை ஸ்டுவர்ட் ஃபெல்ட்மன் பெல் லேப்ஸில் 1976இல் எழுதினார். நான் தொடும்போதே அதற்குக் கால் நூற்றாண்டு வயது. மேக்ஃபைலில் எழுதியதை மட்டும்தான் அது நம்பும். ஒருமுறை ஒரு ஹெடரில் இருந்த ஸ்ட்ரக்சரின் நடுவில் புதிதாக ஒரு ஃபீல்டு சேர்த்தார்கள். சில ஃபைல்கள் அந்த ஹெடரை இழுக்கும் என்பது மேக்ஃபைலில் எழுதப்படவே இல்லை. அவற்றின் ஆப்ஜெக்டுகள் பழைய அளவை நம்பிக்கொண்டே புது எக்ஸிக்யூட்டபிளுக்குள் உட்கார்ந்துகொண்டன. கணக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் தேதி வந்தது.

அந்தக் காலத்தில் எந்தப் புகாருக்கும் முதல் கேள்வி "மேக் கிளீன் போட்டியா?" என்பதுதான். மொத்தத்தையும் துடைத்துவிட்டு மறுபடி கட்ட ராத்திரி முழுக்க ஆகும், ஆனாலும் போடுவார்கள். எந்த ஃபைல் எந்த ஹெடரை இழுக்கிறது என்ற பட்டியலை ஜிசிசியே உமிழ்ந்து தரும். அதை மேக்ஃபைலுக்குள் இழுத்துக்கொள்ள நாலு வரி போதும். அந்த நாலு வரி வந்த பிறகும் பழக்கதோஷத்தில் மேக் கிளீன் போட்டவர்கள் உண்டு. ஒவ்வொரு டைரக்டரிக்கும் தனியாக மேக் ஓட்டினால் எந்த மேக்குக்கும் முழு மரம் தெரியாது என்று பீட்டர் மில்லர் 1990களின் கடைசியில் ஒரு கட்டுரை எழுதினார். அதைப் பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தோம். எங்கள் மேக்ஃபைல்களை மாற்ற மட்டும் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

ஸ்டாட்டிக் லைப்ரரிகளின் வரிசை இன்னொரு தலைவலி. யூனிக்ஸ் லிங்கர் இடமிருந்து வலமாக ஒரே நடை நடக்கும். ஒரு லைப்ரரியைக் கடக்கும்போது, அதுவரை யாராவது கேட்டிருக்கும் சிம்பல்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். பின்னால் வருகிறவர் கேட்டால் திரும்பிப் போகாது. ஆகவே கேட்பவர் முன்னால், கொடுப்பவர் பின்னால். இரண்டு லைப்ரரிகள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டால் முதலாவதின் பெயரைக் கடைசியில் இன்னொரு தடவை எழுத வேண்டும். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், நல்ல சுத்தக்காரன், இரட்டிப்பாக இருந்த பெயர்களை எடுத்துவிட்டு மிச்சத்தை அகரவரிசையில் அடுக்கி செக்-இன் செய்துவிட்டு தீபாவளிக்கு ஊருக்கு பஸ் ஏறிவிட்டான். அன்று ராத்திரி பில்டில் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' பக்கம் பக்கமாக. அவனைத் திட்டியவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால், அந்த வரிசைக்குப் பின்னால் ஒரு காரணம் இருந்ததை எங்கும் ஒரு வரி எழுதிவைக்காதவர்களைத்தான் திட்டியிருக்க வேண்டும்.

பிறகு ஜாவா டீமுக்குப் போனேன். அங்கே பில்டுக்கு ஆன்ட். ஜார் ஃபைல்களை ஒரு ஃபோல்டரில் போட்டு, அந்த ஃபோல்டரையே வெர்ஷன் கன்ட்ரோலில் செக்-இன் செய்துவிடுவார்கள். அசிங்கம்தான்; ஆனால் யார் எப்போது எடுத்துக் கட்டினாலும் அதே ஜார்தான் கிடைக்கும். இதன் அருமை அது போன பிறகுதான் தெரிந்தது. 2005இல் மேவன் 2 வந்தது. உனக்கு வேண்டியதை மட்டும் சொல், அதற்கு வேண்டியதை நான் கொண்டுவருகிறேன் என்றது. கொண்டும் வந்தது. கையளவு கேட்டோம், கூடை கூடையாக இறங்கியது. டிபெண்டன்சி மரத்தை அச்சிட்டுக் காட்டும் கட்டளையை முதல்முறை ஓட்டியபோது, எங்கள் ப்ராடக்டுக்குள் மூன்று லாக்கிங் லைப்ரரிகளும் இரண்டு எக்ஸ்எம்எல் பார்சர்களும் குடியிருப்பது தெரிந்தது.

ஒரே லைப்ரரியின் இரண்டு வெர்ஷனை இரண்டு பேர் கேட்டால் மேவன் புதியதை எடுக்கும் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இல்லை. மரத்தில் வேருக்கு அருகில் இருப்பதை எடுக்கும். சம தூரமென்றால் முதலில் எழுதியதை. கம்பைல் ஆகிவிடும். ஓடும்போது, அதுவும் யாரும் அடிக்கடி போகாத ஒரு பாதையில் போகும்போது, அந்த மெத்தடே இல்லை என்று விழும். ஹடூப் வருஷக்கணக்கில் குவாவா 11.0.2ஐ இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. எங்கள் கோடுக்கோ புதிய குவாவா வேண்டும். குவாவா 17இல் 'ஸ்டாப்வாட்ச்' என்ற கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரை வெளியார் தொட முடியாதபடி மூடிவிட்டார்கள். ஹடூப்போ அதை நேரடியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நேரம் அளக்கும் ஒரு துக்கடா கிளாஸ். அதற்காக மொத்த ஜாபும் செத்து விழுந்தது. தீர்வாக நாங்கள் செய்தது ஷேடிங்: எங்களுக்கு வேண்டிய குவாவாவின் பேக்கேஜ் பெயரை மாற்றி எங்கள் ஜாருக்குள்ளேயே புதைப்பது. வேலை செய்தது. புதைத்ததற்கான விலையை 2021இல் கொடுத்தோம். பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன்.

கான்ஃபிகரேஷன் பெருகுவதை எந்த மேனேஜருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. மூன்று ஓஎஸ், 32 பிட் 64 பிட், டீபக் ரிலீஸ் என்றால் 12 பில்டு. அதன்மேல் விற்பனைப் பிரிவு வாடிக்கையாளர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்த ஸ்விட்ச்கள். வெறும் ஐந்து ஸ்விட்ச் சேர்ந்தால் 384. அதில் தினமும் கட்டுவது பத்தைத் தாண்டாது. மிச்சமெல்லாம் 'இஃப்டெஃப்' வரிகளுக்குள் மட்டும் உயிரோடு இருக்கும். யாரும் கட்டாத கான்ஃபிகரேஷன் மெல்ல மெல்லச் செத்து, ஒரு வாடிக்கையாளர் அதைக் கேட்கும் நாளில்தான் பிணம் வெளியே வரும். நான் கற்றுக்கொண்ட ஒரே தந்திரம், கட்டாததை அழித்துவிடுவது. சண்டை வரும், வரட்டும்.

ஸ்விட்ச்கள் தரும் உண்மையான வலி எண்ணிக்கையில் இல்லை, பொருந்தாமையில் இருக்கிறது. ஒரு லைப்ரரியை டிரேஸ் ஸ்விட்ச் போட்டுக் கட்டியிருந்தார்கள். ஹெடரில் அந்த ஸ்விட்சுக்கான இஃப்டெஃபுக்குள் எட்டு பைட் பாயின்டர் ஒன்று. அடுத்த ஃபீல்டு டைம்அவுட். கூப்பிடும் ப்ரோக்ராமில் அந்த ஸ்விட்ச் இல்லை. லைப்ரரியின் கணக்கில் டைம்அவுட் 24ஆவது பைட்டில் தொடங்குகிறது, கூப்பிடுபவர் கணக்கில் 16ஆவதில். இருவரும் படித்தது ஒரே ஹெடரை. டீபக்கரில் பார்த்தால், கூப்பிடுவதற்கு முன்னால் மதிப்பு 30 என்று பளிச்சென்று தெரிகிறது. ஃபங்ஷனுக்குள் ஓரடி வைத்ததும் அதே ஃபீல்டில் குப்பை. இதைக் கண்ணால் பார்த்தவர்கள் முதலில் கம்பைலரைச் சந்தேகிப்பார்கள், அப்புறம் மெமரியை, அப்புறம் தங்களையே.

சிமேக்கை நான் ஏற்றுக்கொண்டது இதற்காகத்தான். அதன் மொழி எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. கிட்வேர் நிறுவனம் 2000இல் அதைத் தொடங்கியது. 2014இல் 3.0 வந்ததை ஒட்டித்தான், லைப்ரரி என்றால் ஃபைல் பெயர் மட்டுமில்லை, அதனுடன் அதன் இன்க்ளூட் பாதை, டிஃபைன், அது சார்ந்திருக்கும் பிற லைப்ரரிகள் எல்லாம் சேர்ந்தே பயணிக்க வேண்டும் என்ற பழக்கம் எங்கள் வட்டாரத்தில் வேரூன்றியது. பிரைவேட் என்று போட்டால் எனக்குள் மட்டும். இன்டர்ஃபேஸ் என்றால் என்னைப் பயன்படுத்துகிறவருக்கு மட்டும். பப்ளிக் என்றால் இருவருக்கும். டிரேஸ் ஸ்விட்சைப் பப்ளிக் என்று போட்டிருந்தால் மேலே சொன்ன கதையே நடந்திருக்காது. இன்டர்வியூவில் நான் இதைத்தான் கேட்பேன். எல்லாவற்றையும் பப்ளிக் என்று போட்டுவிடலாமே சார் என்கிறவர்கள் நிறைய.

சிமேக்கிலும் ஒரு பள்ளம் உண்டு. மேக்ஃபைல் உருவாக்கச் சொல்லும்போது பில்ட் டைப் கொடுக்க மறந்தால் அது டீபக்கும் இல்லாமல் ரிலீஸும் இல்லாமல், ஆப்டிமைசேஷனே போடாமல் கட்டும். அதே மாறியை விஷுவல் ஸ்டுடியோவுக்குக் கொடுத்தால் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அங்கே கட்டும் நேரத்தில்தான் எது வேண்டும் என்று சொல்ல வேண்டும். லினக்ஸில் நம்ம ப்ராடக்ட் ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்று ஒரு பெர்ஃபார்மன்ஸ் டீம் வாரக்கணக்கில் ஆராய்ந்த கேஸ் இதில்தான் முடிந்தது.

எதன்மேல் நின்று கட்டினோம் என்பதை லினக்ஸ் கற்றுக்கொடுத்த விதம் தனி. டெவலப்பர்கள் உபுன்டு 12.04இல் கட்டுவார்கள், அதில் ஜிலிப்சி 2.15. வாடிக்கையாளரிடம் ரெட்ஹேட் 6, அதில் 2.12. ப்ரோக்ராம் அங்கே தொடங்கவே தொடங்காது, 'ஜிலிப்சி 2.14 காணோம்' என்று நின்றுவிடும். நாங்கள் புதிதாக ஒன்றையும் கேட்டிருக்கவில்லையே என்று தோண்டினால், அகப்பட்டது 'மெம்காப்பி'. காலம் காலமாக இருக்கும் அந்த ஃபங்ஷனுக்கே 2.14இல் ஒரு புது வெர்ஷன் முத்திரை குத்தியிருந்தார்கள். புது மெஷினில் லிங்க் செய்தால் புது முத்திரையோடுதான் ஒட்டும். அன்றிலிருந்து, ஆதரவு தரும் ஓஎஸ்களில் ஆகப் பழையது எதுவோ அதில்தான் ரிலீஸ் பில்டு. பிறகு டாக்கர் வந்து, பழைய ஓஎஸை ஒரு இமேஜுக்குள் அடைத்து வைத்துக்கொள்ள முடிந்தது. பைத்தான் ஆட்களும் தங்கள் வீல்களுக்கு 2016இல் சென்ட்ஓஎஸ் 5ஐ அடிப்படையாக எடுத்துக்கொண்டது இதே கணக்கில்தான். 2015இல் ஜிசிசி 5 வந்து சி++ ஸ்ட்ரிங்கின் உள்ளமைப்பையே மாற்றியபோது, கம்பைலர் வெர்ஷனையும் லைப்ரரியின் அடையாளத்தில் சேர்க்க வேண்டும் என்று யாரிடமும் வாதாட வேண்டியிருக்கவில்லை. லிங்க் எரரே எனக்காகப் பேசியது.

2021 டிசம்பருக்கு வருவோம். லாக்4ஜே என்ற ஜாவா லாக்கிங் லைப்ரரியின் ஓட்டை வெளியான அந்த வெள்ளிக்கிழமை, எல்லா மேனேஜர்களும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நம்மகிட்ட எங்கெல்லாம் இருக்கு?" மேவன் மரத்தை அச்சிட்டோம், அதில் தெரிந்ததை எல்லாம் ஏற்றினோம். 2.15 போட்டால் 2.16 வந்தது, அதைப் போட்டால் 2.17, டிசம்பர் முடிவதற்குள் 2.17.1. அது வெறும் உடல் உழைப்பு. மரத்தில் தெரியாததுதான் ஆட்டிவைத்தது. யாரோ எப்போதோ ஷேடிங் செய்து தன் ஜாருக்குள் புதைத்த லாக்4ஜே மரத்தில் தலைகாட்டாது. ஃபைல் பெயரை வைத்துத் தேடினாலும் கிடைக்காது. கடைசியில் ஜார்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஜாருக்குள் ஜாரையும் பிரித்து, 'ஜேஎன்டிஐ லுக்அப்' என்ற கிளாஸ் உள்ளே இருக்கிறதா என்று தேடும் ஸ்கிரிப்டை எழுதி சனி ஞாயிறு முழுக்க ஓட்டினோம். எதற்குள் எது இருக்கிறது என்று பில்டு முடியும்போதே பட்டியல் எழுதிவைக்கும் பழக்கம் அதன்பின்தான் எங்களுக்குக் கட்டாயமானது. அந்த வருஷம் மே மாதத்திலேயே அமெரிக்க அதிபரின் ஒரு உத்தரவு இந்தப் பட்டியலைப் பற்றிப் பேசியிருந்தது. சிரத்தையாகப் படித்தவர்கள் யாரும் எங்கள் மாடியில் இல்லை.

2024 மார்ச் 29ஆம் தேதி வெளியே வந்த எக்ஸ்இசட் என்ற கம்ப்ரஷன் லைப்ரரியின் விவகாரம், எனக்கு இந்தத் தொழிலிலேயே மறக்க முடியாதது. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற போஸ்ட்கிரேஸ் டெவலப்பர், எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமாவதைப் பார்த்துத் தோண்டியதில் பின்வாசல் அகப்பட்டது. எல்லோரும் அந்த அரை விநாடியைப் பற்றிப் பேசினார்கள். நான் பில்டு ஸ்கிரிப்டைப் படித்துக்கொண்டிருந்தேன். வெர்ஷன் 5.6.1. கிட்டிலிருந்து எடுத்துக் கட்டினால் பின்வாசல் திறக்காது. அதைத் திறக்கும் எம்4 ஃபைல் வெளியீட்டு டார்பாலில் மட்டும்தான் இருந்தது. டார்பாலை எடுத்துக் கட்டினாலும், 64 பிட் எக்ஸ்86 லினக்ஸாக இருக்க வேண்டும், ஜிசிசியாக இருக்க வேண்டும், டெபியன் அல்லது ஆர்பிஎம் பேக்கேஜாகக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றும் செய்யாமல் நல்ல பிள்ளையாக இருக்கும். ஓப்பன்எஸ்எஸ்எச்சுக்கோ எக்ஸ்இசட்டே தேவையில்லை. சில டிஸ்ட்ரோக்கள் சிஸ்டம்டிக்காகப் போட்ட பேட்ச் வழியாக அந்த லைப்ரரி உள்ளே நுழைந்திருந்தது. ஒரே பெயர், ஒரே வெர்ஷன் எண். எப்படிக் கட்டினாய் என்பதில் மட்டும் விஷம். நான் வருஷக்கணக்காகக் கேட்டுச் சலித்த மூன்றாவது கேள்வியை, அந்தப் பின்வாசலை வைத்தவர்கள் எங்களைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள்.

இப்போது எங்கள் சி++ டீம் கோனன் பயன்படுத்துகிறது. ஓஎஸ், ஆர்கிடெக்சர், கம்பைலர், அதன் வெர்ஷன், பில்ட் டைப், போட்ட ஆப்ஷன்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஹாஷ் போட்டு, அதையே பேக்கேஜின் அடையாளமாக வைக்கும் கருவி. பொருந்தாத பைனரியை எடுக்கவே எடுக்காது. ஆனால் வெளியார் கட்டித்தந்த பைனரியை எடுப்பதா, சோர்ஸை நாமே எடுத்துக் கட்டுவதா என்பதை அது முடிவு செய்து தராது. எக்ஸ்இசட்டுக்குப் பிறகு எங்கள் டீமில் ஒரு கட்சி எல்லாவற்றையும் நாமே கட்ட வேண்டும் என்கிறது. இன்னொரு கட்சி மெஷின் செலவைக் காட்டுகிறது. நான் முதல் கட்சி, முழுதாக இல்லை. இப்போதைக்கு ஓப்பன்எஸ்எஸ்எல், கர்ள், இசட்லிப் மூன்றையும் சோர்ஸிலிருந்து நாங்களே கட்டிக்கொள்கிறோம். பூஸ்டையும் சேர்ப்பதா என்பது இன்னும் இழுபறியாகவே இருக்கிறது. அதை முழுதாகக் கட்ட எடுக்கும் நேரத்தை அளந்து, திங்கட்கிழமை மீட்டிங்குக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.